ரயில் பெட்டிக்குள் வெளிச்சம் வந்த கதை: குன்னூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ரயில்வேயில் டி.எல். பிரிவில், அதாவது டிரெயின் லைட்டிங்கில், ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கீழே சமவெளியில் மீட்டர்கேஜ் பெட்டிகளுக்கு அடியில் படுத்தே பாதி வயது போய்விட்டது. இப்போது குன்னூரில் குடியிருக்கிறேன். காலையில் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் வர்க்கியைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், மலை ரயில் பார்க்க வந்தவர்கள், கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள் என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்று எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

"அண்ணே, ரயில்ல லைட்டுக்குக் கரண்ட் எங்கேயிருந்து வருது? இந்தப் பக்கம் மேலே கம்பியே இல்லையே?"

பெட்டிக்கு அடியிலிருந்துதான். சாதாரணப் பயணிகள் பெட்டி எதையாவது குனிந்து பாருங்கள். சக்கர அச்சில் ஒரு கப்பி மாட்டியிருக்கும். அதிலிருந்து பெல்ட் போய் ஒரு டைனமோவையோ ஆல்டர்னேட்டரையோ சுற்றும். பக்கத்திலேயே இரும்புப் பெட்டிக்குள் பாட்டரிகள் வரிசையாக இருக்கும். ஓடும்போது டைனமோ விளக்கையும் எரித்துக்கொண்டு பாட்டரியையும் சார்ஜ் செய்யும். நின்றால் பாட்டரி விளக்கை எரிக்கும். ஒவ்வொரு பெட்டியும் தனக்குத் தானே சமைத்துச் சாப்பிடும் தனிக்குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே கம்பி இருந்த தடங்களில்கூட நெடுங்காலம் இப்படித்தான். கம்பியின் மின்சாரம் என்ஜினுக்கு, பெட்டியின் விளக்குக்கு அச்சு. இப்போது மாறிவருகிறது. அதைக் கீழே என்ஜின் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"கரண்ட் வர்றதுக்கு முன்னாடி இருட்டுலயா போனாங்க?"

ஆரம்பத்தில் ஆமாம். இங்கிலாந்தில் ரயில் ஓட ஆரம்பித்த காலத்தில் பெட்டியில் விளக்கு என்ற ஏற்பாடே கிடையாது. வேண்டுமானால் பயணி மெழுகுவர்த்தி கொண்டுவர வேண்டும். அப்புறம் எண்ணெய் விளக்கு வந்தது. முதலில் காசு கொடுக்கும் முதல் வகுப்புக்கு, மெல்ல மெல்ல மற்றவர்களுக்கு.

அந்த எண்ணெய் விளக்கை மாட்டும் விதம்தான் வேடிக்கை. பெட்டிக் கூரையில் வட்டமாக ஓட்டை இருக்கும். சாயங்காலம் ஆனால் விளக்குக்காரர் கூரை மேல் ஏறி, ஏற்றிய விளக்கை ஓட்டை வழியாக உள்ளே இறக்குவார். கீழே ஒரு கண்ணாடிக் கிண்ணம் மட்டும் பயணியின் தலைக்கு மேல் தொங்கும். புகை மேலே போய்விடும். பகலில் விளக்கை எடுத்துவிட்டு ஓட்டையை மூடிவிடுவார்கள். ஒருவர் பிளாட்பாரத்திலிருந்து விளக்கைத் தூக்கி எறிய, மேலே இருப்பவர் பிடித்துக்கொண்டு கூரை கூரையாக நடந்து போவார். மழை நாளில் அந்த வேலையை நினைத்துப் பாருங்கள். நான் பெட்டிக்கு அடியில் சேற்றில் படுத்த நாட்களில் அவர்களை நினைத்து ஆறுதல் அடைந்ததுண்டு.

வெளிச்சம் எப்படி? எதிரில் இருப்பவர் முகம் தெரியும், அவர் கையில் இருக்கும் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. மூன்றாம் வகுப்பில் இரண்டு தடுப்புகளுக்கு நடுவில் ஒரே விளக்கைத் தொங்கவிட்டு இரண்டு பக்கத்துக்கும் சரிக்கட்டுவதும் உண்டு.

"எந்த எண்ணெய் ஊத்துனாங்க? நம்ம ஊர்க் குளிருக்கு உறைஞ்சு போகாதா?"

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் ஊட்டிக்காரர். தேங்காயெண்ணெய் பாட்டிலை அடுப்புப் பக்கத்தில் வைத்து உருக்கித் தலைக்குத் தேய்க்கிறவர். ஐரோப்பாவில் கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு விதையின் எண்ணெயைத்தான் முதலில் எரித்தார்கள். குளிர் நாளில் அது கெட்டிப்பட்டுத் திரியில் ஏறாமல் மக்கர் பண்ணும். பிறகு மண்ணெண்ணெய் வந்தது.

இந்தியாவில் 19-ஆம் நூற்றாண்டு ரயில்களில் பரவலாக எரிந்தது ஆமணக்கு எண்ணெய். நமக்கு இதில் ஆச்சரியமே இல்லை, அதன் பெயரே விளக்கெண்ணெய்தான். மெதுவாக எரியும், புகைக்கரி குறைவு, சுடர் வெள்ளையாக இருக்கும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும். விளக்கெண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி வரைக்கும் உறையாது, பிசுபிசுப்புதான் கூடும். ஊட்டிக் குதிரைப் பந்தய மைதானத்தில் உறைபனி வெள்ளையாகப் படியும் ஜனவரி மாதத்துக்குக்கூட அது தாங்கும்.

மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் வந்தது, ஊட்டி வரை 1908-இல் நீண்டது. குன்னூருக்கு முதல் வண்டி ஏறி வந்தபோது மின்விளக்கை வழக்கமான ஏற்பாடாக வைத்திருந்த ரயில் கம்பெனி இந்தியாவில் ஒன்றுகூட இல்லை.

"காஸ் லைட்டு ரயில்ல இருந்துச்சாமே? சிலிண்டர் வெச்சா?"

இருந்தது. எண்ணெய்க்கும் கரண்டுக்கும் நடுவில் ஒரு முழுத் தலைமுறை காஸ் விளக்கில்தான் பயணம் செய்தது. தெருவிளக்குக்கு வரும் நிலக்கரி காஸைப் பையில் அடைத்துக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. அழுத்தி அடைத்தால் வெளிச்சம் தரும் பகுதி திரவமாகப் படிந்து, மிச்ச காஸ் மங்கலாக எரியும். பெர்லினைச் சேர்ந்த யூலியுஸ் பின்ட்ஷ் என்பவரின் நிறுவனம் 1870-களில் இதற்கு வழி கண்டது. எண்ணெயைச் சூடான உலையில் விட்டு வாயுவாக்கினால் கிடைக்கும் காஸ், அழுத்தினாலும் பிரகாசம் அவ்வளவாகக் குறையாது. அதை ஏறத்தாழ 10 மடங்கு காற்றழுத்தத்தில் நீளமான உருளைகளில் நிரப்பிப் பெட்டிக்கு அடியில் கட்டினார்கள். அங்கிருந்து ஒரு ரெகுலேட்டர் வழியாகக் குழாய் கூரைக்கு ஏறும். இந்தியாவிலும் சில பெரிய கம்பெனிகள் இதைப் போட்டன.

முதலில் வெறும் சுடர். 20-ஆம் நூற்றாண்டு தொடங்கிய பிறகு மேன்டில் வந்தது. கோவில் திருவிழாவில் பெட்ரோமாக்ஸ் தூக்கியவர்களுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை: கொளுத்தியதும் சாம்பல் வலையாக நிற்கும், தொட்டால் உதிரும் அதே பைதான். ஆஸ்திரியாக்காரர் கார்ல் ஆவர் 1880-களில் கண்டுபிடித்தது. குலுங்கும் ரயிலில் அது உதிராமல் இருப்பதற்காகத் தலைகீழாகத் தொங்கும் சின்ன மேன்டிலைச் செய்தார்கள். வெளிச்சம் பல மடங்கு கூடியது. கரண்டுக்காரர்கள் கொஞ்ச காலம் திணறினார்கள் என்றே சொல்லலாம்.

"மரப்பெட்டி, அடியில காஸ் சிலிண்டர். அது வெடிக்காதா?"

சாதாரண நாளில் ஒன்றும் ஆகாது. ஆனால் மோதல் நடந்தால்? குழாய் உடையும், காஸ் கசியும், நீராவி என்ஜினின் நெருப்பு சிதறிக் கிடக்கும், சுற்றிலும் காய்ந்த மரம். 1910-இல் இங்கிலாந்தில் ஹாவெஸ் சந்திப்புப் பக்கத்திலும், 1913-இல் அதே தடத்தில் எய்ஸ் கில்லிலும் மோதலுக்குப் பிறகு பெட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. எல்லாவற்றையும் விடப் பயங்கரம் 1915 மே 22-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் குவின்டின்ஸ்ஹில்லில் நடந்தது. போருக்குப் போகும் சிப்பாய்களை ஏற்றிய வண்டி இன்னொன்றில் மோதி, பிறகு வந்த விரைவு வண்டி அந்தச் சிதைவின் மேல் ஏறியது. செத்தவர்கள் 200-க்கும் மேல். காஸ் உருளைகள் அந்த நெருப்புக்குத் தீனி போட்டன.

இதற்குப் பிறகு மின்விளக்குக்கு மாறும் நெருக்கடி கூடியது. ஆனாலும் காஸ் உடனே ஒழியவில்லை. காஸ் உலை, குழாய், ஆட்கள் என்று முதல் போட்டவர்கள் அவ்வளவு சீக்கிரம் விடுவார்களா?

"முதல்முதலா கரண்ட் லைட் எரிஞ்ச ரயில் எது? நம்ம நாட்டுல எப்போ?"

1881 அக்டோபரில், லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் இடையே ஓடிய 'பியட்ரிஸ்' என்ற புல்மன் சொகுசுப் பெட்டி. ஜோசஃப் ஸ்வான் செய்த பல்புகள். பல்பு என்ற பொருளே அப்போது மூன்று வயதுக் குழந்தை. டைனமோ இல்லை, வெறும் பாட்டரி. அதுவும் பிரான்சின் காமில் ஃபோர் அந்த வருடம்தான் மேம்படுத்தியிருந்த ஈயத்தகட்டுப் பாட்டரி. ஊர் போய்ச் சேர்ந்ததும் மறுபடி சார்ஜ் செய்ய வேண்டும். இந்தப் 'பாட்டரி மட்டும்' என்ற ஏற்பாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மலை ரயில் கேள்வியில் திரும்ப வருவேன்.

இந்தியாவில் 1902-இல் ஜோத்பூர் ரயில்வேதான் மின்விளக்கை வழக்கமான ஏற்பாடாக முதலில் போட்டது என்று ரயில்வே வரலாற்றில் சொல்வார்கள். பெரிய கம்பெனிகளை முந்திக்கொண்டு ராஜபுதனப் பாலைவனத்து ரயில் ஜெயித்தது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

"சக்கரம் ஒரு நேரம் வேகமா சுத்துது, ஒரு நேரம் மெதுவா சுத்துது. பல்பு மட்டும் எப்படி ஒரே மாதிரி எரியுது?"

சைக்கிள் டைனமோ வைத்திருந்தவர்களுக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். மிதித்தால் பளிச், மேட்டில் மூச்சு வாங்கினால் மின்மினிப் பூச்சி. ரயிலிலும் அதே தலைவலிதான். வேகம் ஏறினால் வோல்டேஜ் ஏறும், பல்பு பொசுங்கும்.

1890-களின் நடுவில் லண்டன் டெப்ட்ஃபோர்டைச் சேர்ந்த ஜே. ஸ்டோன் கம்பெனி போட்ட வழி இருக்கிறதே, அதை மாதிரி ஒரு எளிமையை நான் பார்த்ததில்லை. டைனமோவைப் போல்ட் போட்டு இறுக்கவில்லை. ஒரு மூலையில் பிடித்துத் தொங்கவிட்டார்கள், ஊஞ்சல் மாதிரி. அதை நேராகத் தொங்க விடாமல் பெல்ட் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும். அப்படியென்றால் டைனமோவின் எடைதான் பெல்ட்டின் இறுக்கம். அந்த இறுக்கத்துக்கு மேல் இழுவை வந்தால் என்ன ஆகும்? பெல்ட் வழுக்கும். வண்டி 40-இல் போனாலும் 80-இல் போனாலும் டைனமோ ஏறத்தாழ ஒரே வேகத்தில் சுற்றும், மிச்ச வேகம் பெல்ட்டின் வழுக்கலில் போய்விடும். டைனமோ தொங்கும் பிடியின் திருகைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் டைனமோ எவ்வளவு ஆம்பியர் தரும் என்பதையே மாற்றிவிடலாம். மின்சாரக் கணக்கு தெரியாத ஆள்கூட ஸ்பேனரை வைத்துக்கொண்டு செய்கிற வேலை.

இன்னொரு சின்ன சாமர்த்தியம்: வேகம் போதாதபோது டைனமோவைப் பாட்டரியிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டரி டைனமோவை மோட்டாராக நினைத்துச் சுற்றப் பார்க்கும், சார்ஜெல்லாம் வீணாகும். அதற்காக அச்சு ஒரு வேகத்தைத் தாண்டினால் விரிந்து சுவிட்சைப் போடுகிற குண்டுகள் வைத்தார்கள். நாங்கள் அந்த வேகத்தைக் 'கட்-இன்' என்போம்.

வழுக்கும் பெல்ட் தேயும், மழையில் அளவுக்கு மீறி வழுக்கும், அறுந்து தடத்தில் விழும். எங்கள் காலத்தில் டைனமோவின் வெளியீட்டை ரெகுலேட்டர் பார்த்துக்கொண்டது, பெல்ட் இழுத்தால் போதும் என்று ஆகிவிட்டது. ஆனால் பெல்ட் தொல்லை மட்டும் போகவில்லை. தட்டையான அந்த பெல்ட் செருப்புக்கு அடி போட ரொம்பத் தோதாம். ராத்திரி யார்டில் நிறுத்திய பெட்டி வரிசையில் காலையில் நாலு பெட்டிக்கு பெல்ட் இருக்காது. அன்றைக்குச் சாயங்காலம் ஊரில் யார் நடந்தாலும் நான் காலைத்தான் பார்ப்பேன்.

"வண்டி பின்னாடி போனா பிளஸ், மைனஸ் மாறிடாதா?"

மாறும். பழைய டி.சி. டைனமோவைத் தலைகீழாகச் சுற்றினால் துருவம் மாறிப்போகும், பாட்டரிக்குச் சார்ஜ் ஏறுவதற்குப் பதிலாக ஆபத்துதான் ஏறும். குன்னூரில் இதை நேராகவே பார்க்கலாம். ஊட்டிக்குப் போகிற வண்டி ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் பின்னால் போய்த்தான் மேல் தடத்தைப் பிடிக்கும். திரும்பி வரும்போது பெட்டிகளைச் சுற்றித் திருப்புவதும் கிடையாது. போக ஒரு சுற்று, வர எதிர்ச் சுற்று.

இதற்கும் உராய்வையே பயன்படுத்தினார்கள். டைனமோவுக்குள் கார்பன் பிரஷ்களைத் தாங்கும் வளையத்தை இறுக்காமல் விட்டார்கள். அச்சு எதிர்ப்பக்கம் சுற்றத் தொடங்கியதும் அது பிரஷ்ஷையும் தன்னோடு இழுத்துக்கொண்டு கால் வட்டம் நகர்த்தி ஒரு முட்டில் நிறுத்தும். துருவம் சரியாகிவிடும். பிறகு வந்த ஆல்டர்னேட்டரில் இந்தப் பிரச்சினையே எழாது. அது ஏ.சி.யாகத் தருவதை டயோடுகள் டி.சி. ஆக்குகின்றன, எந்தப் பக்கம் சுற்றினாலும் வெளியே வருவது ஒன்றுதான். பாட்டரி திரும்பிப் பாய்வதையும் அந்த டயோடே தடுத்துவிடும். குண்டுச் சுவிட்சுக்கும் வேலை போயிற்று.

"ஸ்டேஷன்ல நின்னதும் லைட் டல்லாகுதே, ஏன்?"

ஓடும்போது டைனமோ, நின்றால் பாட்டரி என்று முதலில் சொன்னேன் அல்லவா? பாட்டரியைச் சார்ஜ் செய்ய வேண்டுமென்றால் டைனமோ அதைவிடக் கொஞ்சம் அதிக வோல்டேஜ் தர வேண்டும். அதனால் ஓட்டத்தில் பல்பு சற்றுப் பிரகாசம். நின்றதும் வோல்டேஜ் பாட்டரியின் அளவுக்கு இறங்கும். செல் நல்ல நிலையில் இருந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நன்றாகத் தெரிகிறது என்றால் யாரோ டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்திருக்கிறார்கள்.

எங்கள் மீட்டர்கேஜ் பெட்டிகள் 24 வோல்ட். 2 வோல்ட் செல் 12 வரிசையாக. ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து ஹைட்ரோமீட்டரை விட்டு, அமிலத்தின் அடர்த்தி 1200-க்கு மேல் காட்டுகிறதா என்று பார்த்துச் சாக்பீஸில் குறிக்க வேண்டும். என் பேன்ட் எல்லாவற்றிலும் முழங்காலுக்குக் கீழே பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும், அமிலத் துளி. பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் பூச்சி அரித்ததா என்று கேட்பார்.

"24 வோல்ட் போதாதா? எதுக்கு 110-க்கு மாத்துனாங்க?"

நாலு பல்புக்குப் போதும். மின்விசிறிகள், ட்யூப்லைட்டுகள் என்று சேரச் சேரக் கம்பி தாங்காது. ஒரு கணக்கு: 4.5 கிலோவாட் வேண்டுமென்றால் 24 வோல்ட்டில் 187 ஆம்பியர் ஓட வேண்டும், 110 வோல்ட்டில் 41 போதும். ஆம்பியர் கூடினால் கம்பி பருமனாக வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியின் கடைசி விளக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி வோல்டேஜ் வழியிலேயே சூடாகப் போய்விடும். பழைய பெட்டியில் ஓர் ஓரத்து பல்பு மட்டும் எப்போதும் மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருந்தது இதனால்தான்.

"அப்போ நம்ம மலை ரயிலுக்கு டைனமோ சரிப்படுமா? சைக்கிளை விட மெதுவாத்தானே போகுது?"

இதைக் கேட்டவர் ஒரு கல்லூரி மாணவர். அரை மணி நேரம் டீ ஆறிப்போனது. சமவெளிப் பெட்டியின் டைனமோவை அப்படியே கொண்டுவந்து மாட்டினால் சரிப்படாது. அதன் கட்-இன் மணிக்கு 20 முதல் 30 கிலோமீட்டருக்குள் எங்கேயோ இருக்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தடம். 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுகிற செங்குத்தான இடமெல்லாம் உண்டு. அங்கே வண்டிக்கு அனுமதித்த வேகமே மணிக்கு 13 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் டைனமோ தூங்கிக்கொண்டே வரும்.

கப்பியின் அளவை மாற்றி, அச்சு மெதுவாகச் சுற்றினாலும் டைனமோ வேகமாகச் சுற்றும்படி செய்யலாமே என்றார் அந்தத் தம்பி. செய்யலாம். மேல் தடத்தில்கூட வேகம் 30-ஐத் தாண்டாது என்பதால் பொசுங்கும் பயமும் இல்லை. ஆனால் தேவையா? ஒரு பெட்டிக்கு 25 வாட் பல்பு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 250 வாட். மூன்று மணி நேரம் எரித்தாலும் முக்கால் யூனிட். 24 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் 4.8 யூனிட் இருக்கும். ஊட்டிக் குளிரில் ஈயப் பாட்டரியின் கொள்ளளவு கால் பங்கு குறைந்தாலும் தாராளம். ராத்திரி ஷெட்டில் சார்ஜ் செய்துவிட்டு ஏற்றி அனுப்பினால் போதும். அதாவது 1881-இல் பியட்ரிஸ் பெட்டி செய்ததேதான். வேகமான தடத்துக்கு அது பத்தாமல் போனது, மெதுவான மலைக்கு அதுவே கச்சிதம். தவிரவும் மேட்டுப்பாளையம் வண்டி காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்குவது. விளக்குக்கு வேலை மூடுபனியிலும் குகையிலும்தான்.

இறங்கும்போது கணக்கு இன்னும் சுவாரசியம். 10 டன் எடையுள்ள ஒரு பெட்டி குன்னூரிலிருந்து கல்லாறு வரை ஏறத்தாழ 1,300 மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் உள்ள ஆற்றலை மின்சாரமாக எண்ணினால் 35 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். மூன்று பெட்டி இறங்கினால், தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு வீட்டுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரத்தை எட்டிவிடும். அவ்வளவும் பிரேக்கில் சூடாகத்தான் போகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் பிரேக்ஸ்மேன் நின்று சக்கரத்தைத் திருகிக்கொண்டு வருகிறாரே, அவர் கையில் இருப்பது அதுதான்.

"ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியா எதுக்கு? என்ஜின்ல இருந்தே கரண்ட் எடுத்துட்டா?"

நீராவி என்ஜினில் சின்ன டர்பைன் வைத்து முன்விளக்கை எரிப்பது பல இடங்களில் இருந்தது. பெட்டிகளுக்கும் அதையே கொடுத்தால் என்ஜினைக் கழற்றிய நொடியில் வண்டி முழுக்க இருட்டு. வழியில் என்ஜின் மாற்றாத நீண்ட தூர வண்டி அந்தக் காலத்தில் ஏது? நம் மலை ரயிலிலேயே குன்னூர் வரை நீராவி என்ஜின் பின்னாலிருந்து தள்ளும், அப்புறம் டீசல் என்ஜின் எடுத்துக்கொள்ளும். தனிக்குடித்தனம் என்றேனே, அதன் லாபம் இங்கேதான். எந்தப் பெட்டியை எங்கே கழற்றி எந்த வண்டியில் கோத்தாலும் அதன் விளக்கு அதனோடே போகும்.

குளிர்சாதனம் வந்த பிறகு அச்சு மட்டும் போதவில்லை. ராஜதானி, சதாப்தி போன்ற வண்டிகளில் இரண்டு முனையிலும் டீசல் ஜெனரேட்டர் பெட்டிகளை வைத்து எல்லாப் பெட்டிக்கும் கேபிள் இழுத்தார்கள். காது கிழியும் சத்தம், புகை. இப்போது அதற்கும் அடுத்த கட்டம்: மின்சார என்ஜின் மேல்கம்பியிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியை மாற்றிப் பின்னால் இருக்கும் எல்.எச்.பி. என்னும் புதுவகைப் பெட்டிகளுக்கு அனுப்புகிறது. ஆக, நீங்கள் கேட்டது நூறு வருடம் கழித்து நடந்துகொண்டிருக்கிறது. அப்போதும் என்ஜின் மாற்றும் நிமிடங்களுக்கு அவசர விளக்கை எரிப்பது பெட்டியில் இருக்கும் பாட்டரிதான்.

"ரயில் ஃபேன், பல்பைத் திருடிட்டுப் போனா வீட்ல ஓடாதாமே, நெஜமா?"

நெஜம்தான். பெட்டியில் இருப்பது 24 அல்லது 110 வோல்ட் டி.சி. வீட்டில் 230 வோல்ட் ஏ.சி. ஆனால் திருட்டைத் தடுக்கவே அப்படி வடிவமைத்தார்கள் என்று பரவும் கதை மட்டும் தப்பு. பாட்டரியில் டி.சி.யைத்தான் சேமிக்க முடியும், அதனால்தான் டி.சி.யை வைத்தார்கள்; திருடனுக்கு வீட்டில் ஓடாதது இலவச இணைப்பு.

நான் வேலை பார்த்த ஊரில் பக்கத்து வீட்டுப் பையன் எங்கிருந்தோ ஒரு 24 வோல்ட் பல்பைக் கொண்டுவந்து வீட்டு ஹோல்டரில் மாட்டினான். 25 வாட் பல்புதான், ஆனால் அதன் இழை தடி. தடை 23 ஓம் அளவுதான். 230 வோல்ட்டைக் கொடுத்தால் 10 ஆம்பியர் பாயப் பார்க்கும். டப்பென்று ஒரு சத்தம், தெருவுக்கே கேட்டது. ஃப்யூஸும் போயிற்று. அவன் அம்மா என்னைத்தான் திட்டினார், நான்தான் கொடுத்தேன் என்று நினைத்து. இன்றுவரை நம்பவில்லை.

"லைட்டு, ஃபேன் ஓடுனா என்ஜினுக்கு டீசல் கூடச் செலவாகுமா?"

ஆகும். அச்சிலிருந்து எடுக்கும் எதுவும் இலவசம் கிடையாது. 4.5 கிலோவாட் என்றால் 6 குதிரைசக்தி. 18 பெட்டி முழுச் சுமையில் இழுத்தால் 108 குதிரைசக்தி. பெல்ட்டில் வீணாவது தனி. ஆயிரக்கணக்கில் குதிரைசக்தி உள்ள என்ஜினுக்கு இது பெரிதில்லை. நீராவிக் காலத்தில் மட்டும் மேட்டில் திணறும் டிரைவர் எங்கள் டைனமோவைத் திட்டுவார் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

"ராத்திரி எரியுற சின்ன லைட்டு ஏன் நீலமா இருக்கு?"

மங்கிய வெளிச்சத்தில் நம் கண் சிவப்பைவிட நீலப்பச்சையைச் சுலபமாகப் பிடிக்கும். அதனால் தூங்குகிறவர் கண்ணைக் குத்தாத அளவு மங்கலான நீல பல்பிலும் செருப்பைத் தேடி எடுக்கலாம்.

"வண்டி முழுக்க வெளிச்சம், ஒரு பெட்டி மட்டும் கும்மிருட்டு. என்ன பண்ணுவீங்க?"

தனிக்குடித்தனத்தின் நஷ்டம் இது. பெல்ட் அறுந்து, பாட்டரியும் காலியானால் அந்தப் பெட்டி மட்டும் இருண்டுவிடும். பெட்டியின் இரு முனையிலும் அவசர இணைப்பு முனைகள் இருக்கும். பக்கத்துப் பெட்டியிலிருந்து கேபிள் போட்டுக் கரண்ட் கடன் வாங்கலாம். கொடுக்கிற பெட்டியின் பாட்டரியும் தாங்க வேண்டும் என்பதால் ஃபேனை நிறுத்திவிட்டு விளக்கை மட்டும் எரிப்போம். ஃபேன் நின்றதும் இரண்டு பெட்டிக்காரர்களும் சேர்ந்து திட்டுவார்கள்.

"எல்.இ.டி. வந்தப்புறம் உங்க வேலையெல்லாம் போச்சா?"

நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அதனால் எனக்குக் கவலை இல்லை. மேலே போட்ட மலை ரயில் கணக்கை எல்.இ.டி.க்கு மாற்றிப் பாருங்கள்: 250 வாட் செய்த வேலைக்கு 40 வாட் போதும். அதே பாட்டரி நான்கைந்து நாள் ராத்திரி பகலாக எரியும். பெல்ட்டுக்காக நான் பட்ட பாட்டை நினைத்தால் கொஞ்சம் பொறாமைதான்.

"தாத்தா, குகைக்குள்ள லைட் போட்டா நல்லா இருக்குமா, போடாட்டி நல்லா இருக்குமா?"

என் பேத்தி கேட்டது. தடத்தில் 16 குகைகள். 12 கிலோமீட்டர் வேகத்தில் 100 மீட்டர் குகையைக் கடக்க 30 விநாடி. முதல் 5 விநாடி எல்லோரும் சும்மா இருப்பார்கள். அப்புறம் முதல் பெட்டியிலிருந்து ஒரு பிள்ளை ஓவென்று கத்தும், அது பெட்டி பெட்டியாகப் பின்னால் வந்து என்ஜின் சத்தத்தையே அமுக்கிவிடும். 30 வருடம் லைட் எரியவில்லை என்று மெமோ வாங்கினவன் நான். இருந்தாலும் போன மாதம் அவளோடு போனபோது, குகை வாசலில் இருட்டு விழுந்ததும் சுவிட்ச் எங்கே என்று தேடாமல் நானும் சேர்ந்து கத்தினேன்.